முன்னுரிமை: வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை 9.58-க்கு, யாரையும் கலந்தாலோசிக்காமல், கணினியின் நெட்வொர்க் அடாப்டரில் ‘முன்னுரிமை’ என்ற வரிக்கு எதிரே இருந்த ‘வேண்டாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்றினேன். முப்பது ஆண்டு தலையங்கம் எழுதியிருக்கிறேன். அவற்றால் எதுவும் மாறியதாகத் தகவல் இல்லை. இந்த ஒரு சொல் உடனே வேலை செய்தது: இணைப்பு அறுந்தது. அமைப்பை மாற்றினால் அடாப்டர் ஒருமுறை படுத்து எழும் என்று எனக்குத் தெரியாது. மனைவியின் வகுப்பு நான்கு நிமிடம் தாமதம்.

“ஏங்க, பத்து அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கறப்பதான் உங்களுக்கு ஞானம் வரணுமா?”

வராமலே இருப்பதற்கு இது பரவாயில்லை என்றேன். மனத்துக்குள்.

மார்ச் 4, புதன்

பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகிற எனக்காக, பின்னணி.

என் மனைவி உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். காது கேட்காதவர்களுக்கான மையம் ஒன்று இருக்கிறது. அதன் மூலம் ஒரு மாணவி. ஐம்பது வயதுத் தையல்காரம்மா. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. இருப்பது நாலு மணி நேரப் பயணத் தொலைவில். ஆகவே, தினமும் பத்து மணிக்கு எங்கள் வீட்டு ஒரே கணினியில் வீடியோ வகுப்பு. அவர் கேட்பது ஒன்றுதான். வாடிக்கையாளர் வாயால் சொல்லும் அளவு புரிய வேண்டும். “எழுதிக் குடுங்கன்னு சொன்னா, பேனாவைத் தேடற நேரத்துல பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க டீச்சர்.”

‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. முன்னும் பின்னும் ஓடும் அசைவைக் கொண்டுதான் சொல்லைப் பிடிக்க வேண்டும். படம் நடுவில் நின்றால், மூடிய வாயோடு என் மனைவி திரையில் உறைந்திருப்பாள். (முப்பத்தெட்டு வருடத்தில் நான் காணாத காட்சி.) படம் நிற்கும்போதெல்லாம் தையல்காரம்மா இஞ்ச் டேப்பைத் தூக்கிக் காட்டுவார். அதுதான் அடையாளம்.

இன்று டேப் பதினாறு முறை எழுந்தது.

மார்ச் 5, வியாழன்

மையத்தின் பொறுப்பாளர் போன் செய்தார். பெண் குரல், இஸ்திரி போட்டது போல. இருபதாம் தேதி வகுப்பைத் தானே பார்க்கப் போகிறாராம். “படம் இப்படியே நின்னுகிட்டிருந்தா, நேர்ல வந்து கத்துக்கச் சொல்லிடுவோம்மா. விதி அப்படி.”

நேரில் என்றால் தினமும் எட்டு மணி நேரம் பஸ். கடையை மூட வேண்டும். அளவு எடுப்பதற்காகப் படிக்கப்போய், அளவு எடுக்கக் கடை இருக்காது.

மனைவி போனை வைத்துவிட்டு, துவைத்து மடித்த துணிகளை மறுபடி பிரித்து மடித்தாள்.

பதினைந்து நாள் இருக்கிறது. இதை விடுவதாக இல்லை.

மார்ச் 6, வெள்ளி

குற்றவாளி கிடைத்துவிட்டான்: மாடியறையில் குடியிருக்கும் மாப்பிள்ளை. மனைவியின் தம்பி. பொழுதுக்கும் வீடியோ பார்க்கிறவன். சாயங்காலம் வந்ததும் விசாரணை வைத்தேன்.

“அத்தான், பத்து மணிக்கு நான் ஆபீஸ்ல இருப்பேன்.”

“நீ இருப்ப. உன் டிவி இங்க இருக்கே?”

“அது ஆஃப்ல இருக்கு.”

“ஆஃப்ல இருந்தா இழுக்காதுன்னு யார் சொன்னா?”

அவன் மேலே போய், டிவியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, என் மேசைமேல் வைத்தான். “தூங்கறப்ப தலைமாட்டுல வெச்சுக்கோங்க.”

மார்ச் 9, திங்கள்

வயர் என் மேசையில். டேப் பதினெட்டு முறை.

அடாப்டர் விஷயத்தை முறையாகப் படித்தேன். வெளியே போகும் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்ணை எழுதி அனுப்பலாம். 46 என்று எழுதினால் ‘அவசரம், வழிவிடு’ என்று அர்த்தம். எழுதாவிட்டால் பூஜ்யம், கூட்டத்தோடு கோவிந்தா. மூன்றாம் தேதி நான் சொன்ன ‘வேண்டும்’, கதவைத் திறந்தது மட்டும்தான். எண்ணை இனிமேல்தான் எழுத வேண்டும்.

எழுதினேன். 46. எந்த நிரலுக்கு என்று கேட்டது. ஏற்கெனவே ‘எல்லா நிரல்களுக்கும்’ என்று இருந்தது. அப்படியே விட்டேன். பாரபட்சம் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

மார்ச் 10, செவ்வாய்

பதினேழு.

மார்ச் 11, புதன்

பதினெட்டு. தையல்காரம்மா இப்போதெல்லாம் டேப்பைக் கீழே வைப்பதே இல்லை. கழுத்திலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்திருக்கிறார். இன்று வகுப்பு முடியும்போது சொன்னார்: “பரவாயில்ல டீச்சர். நீங்க இவ்ளோ நாள் மெனக்கெட்டதே பெருசு.”

மனைவி சிரித்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். விடைபெறுகிற பேச்சு அது. எனக்கே புரிந்தது. படிக்கத் தெரியாதா எனக்கு?

என்ன செய்யவில்லை நான்? எதைப் பார்க்காமல் விட்டேன்?

மார்ச் 13, வெள்ளி

இணைய லைன்காரர் வந்தார். மோடம் பெட்டியைத் தட்டினார், வயரை இழுத்தார், கணினிமுன் உட்கார்ந்து என் வேலைப்பாட்டைப் பார்த்தார்.

“நாப்பத்தாறு போட்டிருக்கீங்க. சரி. யாருக்கு சார்?”

“எல்லாத்துக்கும்.”

“எல்லாரையும் முதல் வரிசையில உக்கார வெச்சா, அதுக்குப் பேரு முதல் வரிசை இல்ல சார். தரை.”

சமையலறையில் ஒரு பாத்திரம் சத்தமில்லாமல் வைக்கப்பட்டது. மனைவி கவனிக்கிறாள் என்று அர்த்தம்.

“அதோட, நீங்க என்ன நம்பர் எழுதினாலும் எங்க பெட்டி அதைப் படிக்காது. வாங்கி அனுப்பும், அவ்ளோதான். ஒருத்தருக்கு வழிவிடச் சொல்றதை விட, வழியை அடைக்கிறவரைப் பிடிங்க. எது இவ்ளோ மேல அனுப்புதுன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அவர் ஒரு பட்டியலைத் திறந்தார். வெளியே போகும் பாதையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கை ஒரே ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருந்தது. பேக்கப்.

“இது யாருது சார்?”

மார்ச் 13, அதே நாள், சாயங்காலம்

என்னுடையது. என் தலையங்கங்கள். பதினோராயிரம் பக்கங்கள், ஒவ்வொன்றும் பெரிய படமாக ஸ்கேன் செய்தது. வீடு தீப்பிடித்தாலும் தமிழ் உலகம் அவற்றை இழக்கக் கூடாதென்று, எங்கோ இருக்கும் ஒரு கிடங்குக்குப் பிரதி போய்க்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மே 12, என் கையெழுத்து: ‘பேக்கப் தொடங்கும் நேரம் காலை பத்து என்று தீர்மானித்தேன். மிக முக்கியமான முடிவு.’

அடியில் கோடு வேறு.

மார்ச் 14, சனி

நேரத்தை மாற்றினேன். பயனில்லை, பாக்கி இருப்பதால், கணினியைப் போட்டதுமே விட்ட இடத்திலிருந்து கிளம்பிவிடுகிறது. நிறுத்தி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தானே எழுந்துகொள்கிறது. பிடிவாதத்தில் எழுதியவனைக் கொண்டிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

எண் எழுதிய அதே பலகத்தில், கீழே இன்னொரு வரி இருக்கிறது. ‘வேக வரம்பு’. ஒரு நிரல் வெளியே எவ்வளவு அனுப்பலாம் என்று கட்டுப்படுத்துவது. இது நம் கணினிக்குள்ளேயே நடப்பதால் பெட்டி படிக்க வேண்டியதில்லை.

46-ஐ நீக்கினேன். பேக்கப்புக்கு மட்டும் வரம்பு. முதலில் வினாடிக்கு நூறு கிலோபைட் என்று போட்டேன். ஐம்பது. இருபது. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கடைசியில் மூன்று.

நான் போட்ட கணக்கில், மீதமுள்ள பக்கங்கள் போய்ச் சேர ஏழு ஆண்டு ஆகும். எனக்கு அறுபத்தேழு.

‘சரி’ என்பதை அழுத்தினேன்.

மார்ச் 16, திங்கள்

இரண்டு முறை. இரண்டாவது, தையல்காரம்மா விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டபோது டேப் கையோடு எழுந்தது. ஆகவே ஒன்று.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளை.

மார்ச் 17, செவ்வாய்

பூஜ்யம்.

மாப்பிள்ளை: நாளை.

மார்ச் 18, புதன்

பூஜ்யம். மாப்பிள்ளைக்குத் தலைவலி போலத் தெரிந்தது. தொந்தரவு செய்யவில்லை.

மார்ச் 19, வியாழன்

வயரைத் திருப்பி அவன் அறை வாசலில் வைத்தேன். கதவைத் தட்டவில்லை. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. மனைவி எடுத்துக்கொள்ளவில்லை.

“வயர் பேசாதுங்க. நீங்கதான் பேசணும்.”

மார்ச் 20, வெள்ளி

பொறுப்பாளர் திரையின் ஓரத்தில் சிறு கட்டத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம். டேப் எழவில்லை. நான் இருப்புக்கொள்ளாமல் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் எப்படியும் பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்ததால், சொல்ல வேண்டியதை, சத்தம் வராமல், வாயசைத்து ஒத்திகை பார்த்தேன்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் தையல்காரம்மா டேப்பைத் தூக்கினார். பொறுப்பாளர் பேனாவை எடுத்தார்.

“படம் நல்லாதான் இருக்கு டீச்சர். ஆனா உங்க பின்னாடி ஒருத்தர் போக வர, ‘தப்பு என் மேலதான் மாப்ளே’ன்னு மூணு தடவை சொல்லிட்டாரு. யார் அந்த மாப்ளே?”

பொறுப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்புக்கு இஸ்திரி போட்டிருக்கவில்லை. வகுப்பு தொடரலாம் என்றார்.

செய்தி எனக்கு முன்பே மாடிக்குப் போய்விட்டது. சாயங்காலம் மாப்பிள்ளை கீழே வந்து எதிரே உட்கார்ந்தான். “சொல்லுங்க அத்தான். இந்தத் தடவை சத்தமா.”

சொன்னேன்.

மார்ச் 24, செவ்வாய்

இனி நான் பின்னால் நடக்கக் கூடாதென்று தீர்ப்பு. நடப்பேன் என்று தெரிந்திருப்பதால், ஒரு திரைச்சீலை. தைப்பது யார் என்பதில் விவாதமில்லை. வகுப்பு முடிந்ததும் மனைவி அளவைச் சொன்னாள். அகலம் நாலடி ஏழங்குலம், உயரம் ஆறடி இரண்டங்குலம். ஒரே ஒரு முறை. எழுதிக் காட்டவில்லை.

மார்ச் 30, திங்கள்

பேக்கப்: மீதியில் நூற்றுக்கு ஒன்றுகூட நகரவில்லை.

பார்சல் வந்தது. மாப்பிள்ளை ஸ்டூல்மேல் ஏறித் திரைச்சீலையை மாட்டினான். நான் டேப் பிடித்தேன். நாலடி ஏழங்குலம், ஆறடி இரண்டங்குலம்.