ஏழாம் நம்பர் மலையைக் கேட்ட நாட்கள்

மார்ச் 4
காலையிலிருந்தே மழை. கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. கண் பார்க்க வந்த ஆறேழு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்: பெயர், வயது, தொழில். பின்னேரம் என் வயதுக்காரர் ஒருவர் காதுக்கம்பி கழன்ற கண்ணாடியோடு வந்தார். பூட்டிக் கொடுத்தேன். போகும்போது மேசையில் ஒரு துண்டுச்சீட்டை வைத்தார். "எங்க பேண்ட். நான் அமான், டிரம்ஸ். கேட்டுப் பாருங்க."
பேண்டின் பெயர் 'ஏழாம் நம்பர் மலை'. கண்டி டவுன்காரர்களுக்குத் தோட்டத்தில் தேயிலை மலைகளுக்குப் போடுகிற நம்பர் எதற்காம்? சிரிப்பு வந்தது.

மார்ச் 5
பேராதனையில் என் அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் போனில் போட்டுக் கேட்டேன். காதலியைப் பஸ் ஏற்றிவிட்டுப் பனிக்குள் தனியாக நிற்கிறவனின் பாட்டு. தூக்கம் கலையாத குரல். நடுவில் கிட்டார் ஓய்ந்து, தப்பு மேளம் மட்டும் மெதுவாக ஒலிக்கிறது. கண்ணாடியில் வழிந்த மழை, கீழே மகாவலி ஆறு, அந்த அடி, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. இறங்க வேண்டிய இடம் எப்போது தாண்டியதென்றே தெரியவில்லை. நனைந்துகொண்டு திரும்பி நடந்தேன். கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லை.

மார்ச் 6
பதினொரு தடவை.

மார்ச் 9
ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து அம்மா போனில் பேசினார். "அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல சிந்து. ஒங்க கடைக்கே கூட்டிட்டுப் போயேன்."
இந்த மாதம் வேலை அதிகம் என்றேன். பொய். நாலு வருடமாகக் கடையில் கூட வேலை செய்யும் றமீலாவிடம், அப்பா தோட்டத்து ஆபீசில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அது தெரியும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.
அப்பா இருளப்பன் தப்பு அடிக்கிறவர். சாவுக்கும் சாமிக்கும் இருளப்பனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு வாசலோடு நிறுத்துவார்கள். டவுனில் இதைச் சொன்னால் என்ன சாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம்.

மார்ச் 15
பாட்டில் தப்பு ஒலிக்கிற இடத்தை மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. பஸ் சீட்டில் விரலால் கூடவே தட்டிக்கொண்டு வந்தேன் — ஐயோ, அது பாடை தூக்கும்போது அடிக்கிற அடி. எங்கேயோ பதிவில் கேட்டு, அழகாக இருக்கிறதென்று எடுத்துப் போட்டிருக்கிறார்கள், பாவம். அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 22
பேண்டின் பேஸ்புக் பக்கத்தில் அறிவிப்பு. ஏப்ரல் 12, எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பாடப் போகிறார்களாம்.
எங்கள் தோட்டத்திலேயா? சாமிக்கு முன்னால் சாவு அடி விழுந்தால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். பிறகு எந்தத் தோட்டத்திலும் கூப்பிட மாட்டார்கள். சொல்லத்தான் வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? மெசேஜ் எழுதினேன், அழித்தேன். மூன்று தடவை. என்ன பொறப்பு நான்.

மார்ச் 29
போய்விட்டேன். கட்டுகஸ்தோட்டையில் அமான் வீட்டு மேல்மாடியில் பயிற்சி. விஷயத்தைச் சொன்னதும் பாடகர் கஜேந்திரன் சிரித்தார். "யாருங்க சொன்னது? சவுண்ட் நல்லாத்தானே இருக்கு."
யாரோ சொன்னார்கள் என்றேன். அவர் மறுபடி கிட்டாரை எடுத்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதன் பலகையிலேயே தட்டிக் காட்டினேன். இது பாடை தூக்க. இது விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிட, பெரட்டு. இது சாமி இறங்க.
கஜேந்திரன் கிட்டாரைக் கீழே வைத்தார். பிறகு அமான் கேட்டார், "எங்க பழகினீங்க?"
"பழகல. வீட்ல கேட்டு வளந்தது. எங்கப்பா தப்பு அடிக்கிறவரு."
கண்டிக்கு வந்து முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறேன். காதெல்லாம் சுட்டது. அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேன். அமான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டாவத இன்னொருக்கா அடிங்க."

ஏப்ரல் 12
மேகம் கோயில் வரைக்கும் இறங்கியிருந்தது. பாடுகிறவர்களின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. நடுவில் பாடை அடிக்குப் பதிலாகப் பெரட்டு அடி கேட்டதும் கொழுந்தெடுக்கிற பெண்கள் சத்தமாகச் சிரித்தார்கள். "திருநா அன்னைக்கும் பெரட்டா?" என்று ஒரு அக்கா கத்தினார். பிறகு எல்லோரும் கை தட்டிக்கொண்டே பாடினார்கள்.
அப்பா வாசலுக்கு வெளியே நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டு தாளத்துக்குத் தலையை ஆட்டினார். எல்லோரும் பார்க்க, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
"வருசம் பொறந்ததும் கண்டிக்கு வாங்கப்பா. கண்ணு பாக்கலாம்."

ஏப்ரல் 23
அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான். கடை வாசலிலேயே நின்றுவிட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். படிவத்தை எடுத்ததும் குனிந்து என் காதோடு சொன்னார்: "தொழில்னு இருக்க எடத்துல ஆபீஸ்னே போட்டுக்க சிந்து. எனக்கு ஒன்னும் இல்ல."
இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கண் மங்கி உட்கார்ந்திருந்திருக்கிறார்.
'தப்பு அடிப்பவர்' என்று எழுதினேன். றமீலா என் தோளுக்கு மேலால் படித்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தப்ப நெருப்புல காய்ச்சுவாங்கதானே? அப்ப அங்கிளுக்குப் பிளாஸ்டிக் ஃபிரேம் சரிவராது" என்று கம்பி ஃபிரேம் தட்டை எடுத்து வந்தாள்.
கண் பரிசோதிக்கிறவர் பரிசோதனைக் கண்ணாடியை மாட்டி, எதிரேயிருந்த எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். அப்பா அதைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த படிவத்தை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.
"நல்லாத் தெரியுதும்மா" என்றார்.