அப்பா வெறுங்காலோடு நடக்க ஒரு புல்தரை

ஸ்கூடாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதைப் பொத்திக்கொண்டாவது சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் காது கொடுக்கிறார், அதனால்தான் இந்தக் காகிதம்.

உன்னிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா நன்றாக நடக்கிறார் என்று சொன்னேனே, அது உண்மைதான், ஆனால் இடது பாதத்தில் உணர்ச்சியே இல்லாமல் இருந்தது. தைப்பூசத்துக்கு மறுநாள் வீட்டோரத்து நிலத்தில் துணி காயப் போட வெறுங்காலோடு போனவர், தரையெல்லாம் ரத்தக் கறையாக உள்ளே வந்தார். வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன டைல்ஸ் துண்டு கிழித்திருக்கிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிசியோ பெண்ணிடம் அழாத குறையாகக் கேட்டேன். நல்ல புல்லில் வெறுங்காலோடு நடந்தால் உணர்ச்சி திரும்பலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முள்ளும் கல்லும் இருக்கவே கூடாது என்றாள். நம் வீட்டோர நிலத்திலோ முழங்கால் உயரத்துக்கு லாலாங் புல், அதற்கடியில் தொட்டாச்சிணுங்கி. நீ பாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ஹம்சா, மருந்து அடித்தால் ஒரே வாரத்தில் சுத்தம் என்றார். அப்பா கால் வைக்கப்போகும் மண்ணில் விஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வயதில் எஸ்டேட்டில் புல் வெட்டியவள் நான், விரல் நீள வேர் விட்டுப்போனாலும் லாலாங் மறுபடி தலை தூக்கும் என்று எனக்குத் தெரியாதா. ஹம்சா மண்வெட்டியால் கொத்திப் புரட்டினார், நான் மணை போட்டு உட்கார்ந்து வேர் வேராகப் பொறுக்கினேன், உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார். பத்து நாள் காலை வேலை, எட்டு மூட்டை கல். அது நோன்பு மாதம் வேறு, ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் அந்த மனிதர் கொத்தியதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். பிறகு மணல் பரப்பி, பலகை இழுத்து மட்டம் பார்த்து, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் சும்மா போட்டு, முளைத்ததையும் பிடுங்கினோம். கெலாங் பாத்தாவிலிருந்து புல்லை மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி லாரியில் கொண்டுவந்தார்கள், இடைவெளி தெரியாமல் ஒட்டி ஒட்டிப் பதித்தோம்.

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். சுவரோரம் பிள்ளையாருக்கு வருஷா வருஷம் நான் கிள்ளும் அருகம்புல் இருக்கிறதே, அதையும் வேரோடு எடுங்கள், விட்டால் படரும் என்று ஹம்சா படித்துப் படித்துச் சொன்னார். சாமிக்குப் போகிற புல்லைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. விட்டுவிட்டேன். புதுப் புல் வேர் பிடிக்கட்டும் என்று யாரும் மிதிக்காமல் மூன்று வாரம் காத்திருந்தால், அதற்குள் அந்த அருகம்புல் சதுரங்களின் இணைப்புகளுக்கு நடுவில் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. இருக்கட்டும், சனிக்கிழமை பிடுங்கலாம் என்று இருந்தேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை காலை அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக இறங்கினார். ஏதாவது தெரிகிறதா என்றேன், இல்லை என்று தலையாட்டினார். பத்தடி நடந்தோம், ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரோரம் போனதும் நின்றுவிட்டார். என்னமோ காலைக் கூசுதுலா, என்னா புல்லு வச்சிருக்க நீ என்று என்மேல் எரிந்து விழுந்தார். எந்தக் கால் என்று கேட்டேன். இடது கால் லோஷினி. அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், ஹம்சா யாரோ விழுந்துவிட்டார்கள் என்று வேலி தாண்டி ஓடி வந்தார்.

மறுநாள் அந்த அருகம்புல்லைத் தோண்ட ஹம்சாவே மண்வெட்டியோடு வந்தார், தொடவே கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அப்பா தினமும் அந்த இடத்துக்கே போய் நின்று, இன்னும் கூசுகிறது என்று என்னைத் திட்டுகிறார். நன்றாகத் திட்டட்டும்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். தீபாவளிக்கு வரும்போது ஹம்சாவுக்கு நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி வா, ஜொகூர் வெயிலுக்கு எதற்கு என்று கேட்காதே, அவருக்கு ஆசை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நீயும் அந்த மூலைக்குப் போய் நின்று பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ராசம்மா