கை ரோப்

தையல் ஓரங்களில் டேப் ஒட்டும்போது எழும் அந்தச் சூட்டு வாடை காலையிலிருந்து மூக்கை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்துக் கடைகளுக்குப் போகிற கூடாரங்கள் மறுபடி லைனில் ஏறிவிட்டன. எனக்கோ ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன், குடிக்காமலே திரும்புகிறேன். எங்கே போனாலும் கண் உன் செக்கிங் டேபிளுக்குத்தான் ஓடுகிறது. அது காலியாகக் கிடக்கிறது.

டேப் ஒட்டுகிற எனக்கும் அதைச் சரிபார்க்கிற உனக்கும் நாளெல்லாம் தகராறுதான். ஒரு சுருக்கம் விழுந்தாலும் திருப்பி எறிவாய். "அங்க மழ பேஞ்சு ஒழுவுச்சுனா அந்தக் கடக்காரன் உன்னியா திட்டுவான்? என்னியத்தான் திட்டுவான்" என்பாய். நல்ல வீட்டை விட்டுவிட்டு, மழையில் துணிக்குள் போய்ப் படுக்கிற ஜனங்களை நினைத்துச் சிரிப்போம்.

அந்த இங்கிலாந்துக் கடைக்காரர் ஒருமுறை ஒரகடத்தில் நம் கம்பெனிக்கே வந்தாரே! கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு அவர்கள் ஊரில் 'கை ரோப்' என்று பெயர். அந்தக் 'கை' ஆங்கிலம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? கம்பெனி வாசலில் கூடாரம் போட்டுக் காட்டச் சொன்னதும், ஆளுக்கொரு மூலையில் கயிற்றைக் கொடுத்து எங்களை நிறுத்திவிட்டாய். அவர் முளைக்குச்சிகளை நீட்டினார். "சிமெண்ட் தரையில இத்த எங்க சார் அடிக்கிறது? கை ரோப்புனா கையிலதான புடிக்கணும்?" என்றாய். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் புரிந்ததும் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்து, தானும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று உனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் உனக்கு வேலைப் பேச்சுதான். "நான் வர்ற வரிக்கும் என் டேபிள எவளுக்கும் வுட்றாதடி" என்றாய். சரி என்றேன். நீ ஆஸ்பத்திரியை விட்டு உயிரோடு வரவில்லை. விளக்கு சரியில்லை, டேபிள் ஆடுகிறது என்று ஏதேதோ சொல்லி, அங்கே யாரும் நிற்காமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

இன்று சூப்பர்வைசர் நேரே வந்துவிட்டார். "அவங்க ஊருல வெயில் காலம் வர்றதுக்குள்ள சரக்கு போயாவணும்மா. நீ நிக்கிறியா, வேற ஆளப் போடட்டுமா?" என்றார். வேறொருத்தி அங்கே நிற்பதை என்னால் பார்க்க முடியாது. நான் போய் நின்றாலோ, நீ இனி வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். கோபம் கோபமாக வந்தது, அதுவும் உன்மேல்தான்.

நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எவளுக்கும் விடாதே என்றாயே, அந்த 'எவளில்' நானும் சேர்த்தியா என்று நீ சொல்லவில்லை. நாளை முதல் ஷிப்டில் அங்கேதான் நிற்பேன். சேர்த்தி என்றால் வந்து சண்டை போடுடி.