காகிதக் கல்லாப்பெட்டி

இன்று காலை கடை திறந்ததும் பழைய கல்லா மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களடி. அது இருந்த இடத்தில் புதிதாக ஒன்று நிற்கிறது. மெலிதாக, கறுப்பாக, பிரித்த அட்டைப்பெட்டியின் பிளாஸ்டிக் வாடையோடு. முதலில் வந்தவர் பால் டீ ஒன்று கேட்டார். அமுக்கினேன். சத்தமே இல்லை. அதற்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்கினேன். அப்போதும் இல்லை. கோபம் வந்து இன்னொரு தரம் ஓங்கி அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து மூன்று டீ வந்தது. வந்தவர் ஒற்றை ஆள். மூன்று கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

உடனே உன் ஞாபகம்தான் வந்தது. "ஒருத்தர் கூப்பிட்டா 'ஆங்'னு ஒரு சத்தம் குடுக்கணுமா இல்லையா லா? மெஷினுக்கும் அதே மரியாததான்," என்று சொல்லித்தானே பழைய மெஷினில் அந்த 'டொக்' சத்தத்தை வைத்தாய். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறேன். அது நின்ற பிறகுதான் எனக்கே தெரிகிறது.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இப்போது மத்தியான மழை பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே தேயிலை மலை மொத்தமும் மறைந்துவிட்டது. கடையில் ஆள் இல்லை. ஓரத்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் முதலில் இருந்தே வருகிறேன்.

இதே மேசைதான். அப்போதெல்லாம் கையால் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மெஷின் வரப்போகிறது என்று மேனேஜர் சொன்னார். "பிடிபடாதவங்க பின்னாடி கப்பு கழுவப் போலாம்," என்றார் சிரித்துக்கொண்டே. இந்தக் குளிரில் நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மூட்டு வெடிக்கும். அதுகூடப் பரவாயில்லை. எனக்குக் கல்லாவில் நிற்கத்தான் பிடிக்கும். நாலு முகம் பார்க்கலாம், வாய்க்கு வேலை இருக்கும். உனக்குத் தெரியாததா? தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே நான் வாயாடிதானே.

நீ அப்போது உடம்புக்கு முடியாமல் கோலாலம்பூரிலிருந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாய். அங்கே உன் வேலை திரை வரைவது என்று ஊருக்கே தெரியும். சினிமாத் திரை என்று என் அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். போனிலும் கல்லாவிலும் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று யோசிக்க ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கே நம்ப முடியாத விஷயமாக இருந்தது. வரப்போகிற மெஷினுக்குத் திரை வரைந்து தரச் சொல்லி மேனேஜர் உன்னைக் கேட்டார். நீ கத்தரிக்கோலும் வெள்ளைத் தாளுமாக என்னிடம் வந்தாய்.

கடை திறப்பதற்கு முன்னால், என் முன்னே ஒரு தாளை விரித்தாய். பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்து, பால் டீ, பால் சேர்க்காத தே ஓ, கேக் என்று எழுதியிருந்தாய்.

"ஒருத்தர் வந்து ரெண்டு பால் டீ, ஒரு கேக் கேக்குறாரு. அமுத்து."

"இது பேப்பருடி."

"பேப்பர்தான். நான்தான் மெஷின். நீ அமுத்து, நான் மாத்துறேன்."

விரலால் தொட்டேன். நீ அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறொரு தாளை வைத்தாய். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "அடியே, உனக்கு என்ன கிறுக்கா?" என்று நான் சிரித்த சிரிப்பில், கேக் சுடும் பெண்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கோலாலம்பூரில் போய்ப் படித்தவள் வந்து என்னோடு கடை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காசு வாங்கும் கட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தாள் முழுக்கத் தேடினேன். உன் முகத்தைப் பார்த்தேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாய். "எங்கடி இருக்கு, சொல்லித் தொலையேன்," என்றேன். "மெஷின் பேசாதுடி," என்றாய். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறிவிட்டது. ஒருத்தி தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஒரு மனசு வேண்டும். நம் லயத்தில் ஜென்மப் பகைக்காரிகூட, "அந்தா இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்புவாள். எழுந்துவிட்டேன்.

நீ கையைப் பிடித்து இழுத்தாய். "தப்பு உன் மேல இல்ல மல்லி. உன் கண்ணு எங்க போயி தேடுச்சோ, அங்க நான் அத வைக்கல. தப்பு என் மேல." சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கட்டத்தை வெட்டி, தாளின் கீழே வலது பக்கம் ஒட்டினாய். என் விரல் போன இடம் அதுதான்.

அந்த வார்த்தை எனக்குப் புதுசு. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து வெட்டப் போன காலத்திலிருந்து எது உடைந்தாலும் தப்பு எங்கள் மேல்தான். மெஷின் தப்புச் செய்யும் என்றோ, அதைச் செய்தவர் தப்பு என்றோ யாரும் சொன்னதில்லை. நீ என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் நீ ஒவ்வொரு நாளும் அதையே சொன்னாய். ஈரக் கையால் தொட்டால் திரை கேட்காது என்று தெரிந்தபோது, கையைத் துடைக்கச் சொல்லி என்னை அதட்டவில்லை. மெஷின் பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்துத் துண்டு மாட்டச் சொன்னாய். மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு வரைந்தாய். "எங்க தப்பிப் போனாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கணும்டி. அது எப்பவும் ஒரே எடத்துல இருக்கணும்," என்றாய். மெஷின் வந்த பிறகு நான் அதிகம் அமுக்கியது அந்த அம்பைத்தான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. சில தாள்களைப் பார்த்து நான், "புரிஞ்சிருச்சு, புரிஞ்சிருச்சு" என்று சிரிப்பேன். நீ உடனே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு வரைவாய். "நான்தான் புரிஞ்சிருச்சுன்னுட்டேனே, ஏண்டி கிழிக்கிற?" என்பேன். "சும்மாதான்," என்பாய்.

நான் கல்லாவிலேயே நின்றேன். பின்னால் போகவில்லை.

பழைய மெஷினுக்கு இனிமேல் உதிரி சாமான் கிடைக்காதாம். அதனால்தான் உன் ஆபீசிலிருந்து ஷர்மிளா என்ற பெண் புதுசைக் கொண்டு வந்திருக்கிறாள். மூன்று டீ கதை முடிந்த பிறகு, கல்லாப் பக்கம் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்ல லா, லெட்சுமிக்கு இது ஆகாது. லெட்சுமி கை எப்பவும் ஈரமா இருக்கும். லெட்சுமி கண்ணாடி போட மாட்டாங்க."

போனை வைத்ததும் கேட்டேன். "எந்த லெட்சுமிம்மா? கீழ் லயத்து லெட்சுமியா? அவ வேலைய விட்டுட்டு மக வீட்டுக்கு கம்போங் ராஜா போயிட்டாளே."

அவள் சிரித்தாள். "அது நெஜ ஆளு இல்ல ஆன்ட்டி. திரை வரையறதுக்கு முன்னாடி ஒரு ஆள மனசுல செஞ்சிக்குவோம். யாருக்காக வரையிறோம்னு மறந்துடக் கூடாது இல்ல? பேரு வெச்சு, படம்லாம் போட்டு வெச்சிருப்போம். இந்த லெட்சுமிய செஞ்சது உங்க ஃபிரண்டுதான்."

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். ஒரு பெண்ணின் படம். ஐம்பது வயது, கொண்டை, மூக்குத்தி. பக்கத்தில் எழுதியிருந்ததை அவளே வாசித்தாள். கை ஈரமாக இருக்கும். கண்ணாடி உண்டு, ஆனால் ஆள் முன்னால் போட வெட்கம். சீக்கிரம் கோபம் வரும், ஒரு கேலி பேசினால் இறங்கிவிடும். எனக்குக் காது சுட்டது. அடிப் பாவி, என்னைத் தூக்கிப் பொட்டியில் போட்டு வைத்திருக்கிறாயே! அப்புறம் மூக்குத்தியைப் பார்த்தேன். எனக்கு மூக்குத்தி கிடையாது. உனக்கும் கிடையாது. அது யாருடையது? நான்தான் லெட்சுமியா, பாதி லெட்சுமியா, ஒன்றும் விளங்கவில்லை. திட்டுவதா பெருமைப்படுவதா என்று நிற்கும்போதே அவள் கடைசி வரியை வாசித்தாள்.

"தெரியாட்டி கேக்க மாட்டாங்க. 'புரிஞ்சிருச்சு'ன்னு சொல்லி சிரிப்பாங்க. லெட்சுமி சிரிச்சா புரியலன்னு அர்த்தம். அப்ப மாத்தி வரையணும்."

இதுவா 'சும்மாதான்'? எல்லாம் தெரிந்துகொண்டேதான் கிழித்தாயா?

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துத் துரை இங்கிலீஷில் பொரிந்து தள்ளும்போது என் அப்பா இப்படித்தான் சிரிப்பார். ஒரு வார்த்தை விளங்கியிருக்காது. விளங்கவில்லை என்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் சிரிப்பு. அப்பாவைப் பார்த்து நானும் பழகிவிட்டேன். எப்போது சிரிக்கிறேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. முகம் அதுபாட்டுக்குச் செய்துவிடுகிறது.

இப்போது ஈப்போ ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். இதைத்தான் கேட்க வேண்டும்.

பஸ் பிடித்து மலை இறங்கி உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலை ஏற்றி இறக்கும் பொத்தான் உன் கையில் இருந்தது. தலைப் பக்கம் உயர்த்தலாம் என்று அமுக்கினாய். கால் பக்கம் மேலே போனது. வேறொன்றை அமுக்கினாய். கால் இன்னும் மேலே போனது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து கட்டிலை இறக்கிவிட்டு, நம்மை முறைத்துவிட்டுப் போனார். "தப்பு என் மேல இல்லடி," என்றாய் நீ, மூச்சு வாங்க. "இத செஞ்சவன் ஒரு நாளும் இதுல படுத்துப் பாக்கல."

சிரிப்பு அடங்கியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "மருந்தால ஒண்ணும் மாறப் போறது இல்லையாம்டி. இனிமே வலிக்கு மட்டும் குடுப்பாங்களாம். வீட்டுக்கே போலாம்னுட்டாங்க."

எனக்கு 'வீட்டுக்கு' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "நல்லதா போச்சு லா!" என்றேன். "தீபாவளிக்கு பிரிஞ்சாங் பசார் மாலாம் போவோம், ராத்திரிச் சந்தையில உனக்குப் புடிச்ச சோளம் வாங்குவோம்," என்றேன். சிரித்தேன். நீ திரும்பி என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாய். அப்புறம், "ஆமாடி, போலாம்," என்றாய்.

நான் சந்தோஷமாக மலை ஏறினேன். கடையில் எல்லாரிடமும் சொன்னேன், அவளுக்குக் குணமாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று. சிலர் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரியாக இருந்தது. அதுவும் அப்போது விளங்கவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே நீ போய்விட்டாய்.

நான் சிரித்தால் புரியவில்லை என்று அர்த்தம். அதைப் பெரிய ஆபீசுக்கே எழுதிக் கொடுத்தவள் நீ. அன்றைக்கு என் சிரிப்பை நேருக்கு நேர் பார்த்தாய். அப்புறம் ஏன் மாத்திச் சொல்லவில்லை? ஒரு கட்டம் விளங்காவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி வரைந்தவள், இதை மட்டும் ஏன் அப்படியே விட்டாய்? என்மேல் பரிதாபமா? இல்லை, யாராவது ஒருத்தியாவது நீ போகப்போவது தெரியாமல் உன்னோடு பேச வேண்டும் என்று இருந்ததா? இல்லை, அந்த ஒரு தரம் நிஜமான சிரிப்பு என்று ஏமாந்துவிட்டாயா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. தப்பு உன் மேல் என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் மேல் என்றால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். அப்புறம் யார் மேல்தான் போடுவது?

இன்று காலை லெட்சுமி கதை முடிந்த கையோடு சூப்பர்வைசர் குமார் வந்தார். ஷர்மிளா மெஷினை முழுக்க ஒரு தரம் ஓட்டிக் காட்டினாள். விரல் போன வேகத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

"புரிஞ்சிதா மல்லி?" என்றார் குமார். "நாளையில இருந்து கூட்டம் வரும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள நிப்பாட்டணும்."

என் கன்னம் இரண்டும் தானாக மேலே ஏற ஆரம்பித்தது. ஷர்மிளா மெஷினைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பார்ப்பாயே, அதே மாதிரி. ஏறிய சிரிப்பை இழுத்துப் பிடித்தேன்.

"புரியல," என்றேன்.

குமார் புருவத்தைச் சுருக்கினார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண், "தப்பு உங்க மேல இல்ல ஆன்ட்டி. எங்க புரியல, சொல்லுங்க," என்றாள். உன் வார்த்தை வேறொரு வாயிலிருந்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தம் வரலம்மா. அமுத்துனேனா இல்லையான்னே தெரியல," என்றேன். அவள் எதையோ திறந்து எதையோ மாற்றினாள். "இப்ப அமுத்துங்க." அமுக்கினேன். டொக்.

"சரி, நாளைக்குப் பாப்போம்," என்று குமார் போய்விட்டார். நாளைக்கு நான் கல்லாவில் இருப்பேனா, பின்னால் கப்பு கழுவுவேனா, தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேனடி. இத்தனை வயதுக்கு அந்த வார்த்தையை ஓர் ஆளின் முகத்துக்கு நேராகச் சொன்னது இதுதான் முதல் தரம்.

எங்கே தப்பிப் போனாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கணும் என்று நீதானே சொன்னாய். அந்தக் கட்டில் பக்கத்துக்குத் திரும்பி வருகிறேன். 'நல்லதா போச்சு' என்று சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பசார் மாலாம், சோளம், எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ ஜன்னலைப் பார்க்காதே, என்னைப் பார். நான் சிரிக்கவில்லை.

புரியலடி. வேற தாள் வை.