கரையில் நின்று காட்டிய சூடம்

என்னங்க,

உங்களை இப்படி வாய்விட்டுக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மனசுக்குள் கூப்பிடுவேன். பதில் வராது என்று தெரிந்தும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். இன்றைக்கு எழுதியே தீரவேண்டும், ஏனென்றால் உங்கள் படகு எரிந்துவிட்டது.

எடுத்த எடுப்பில் இப்படியா சொல்வது என்று கோபப்படாதீர்கள். எனக்கும் யாரும் பக்குவமாகச் சொல்லவில்லை, என் கண் முன்னால்தான் எரிந்தது. சரவணன் நன்றாக இருக்கிறான். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், பாருங்கள், எதை முன்னால் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்றுகூட எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நம் மகன் நன்றாக இருக்கிறான். புருவம் பொசுங்கிவிட்டது, வலது கையில் கொப்புளம், அவ்வளவுதான்.

அந்தப் படகோடு எனக்கு என்ன உறவு என்று உங்களுக்குத் தெரியும். காலமெல்லாம் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டிய மனிதர், தோட்டத்தை விட்டு பாரோய்க்கு வீடு மாறி வந்தபிறகு ஒரு நாள் திடீரென்று லிங்கி ஆற்றில் பழைய பைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று வந்து நின்றீர்கள். ரப்பர் மரத்தடியில் பிறந்தவருக்குப் படகு எதற்கு என்று கேட்டேன். மீன் பிடிக்க என்றீர்கள். மீன் வந்ததோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நீங்கள் வீட்டில் இல்லை. சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பேன். நீங்களும் சிரிப்பீர்கள். அதற்காகப் போகாமல் இருந்ததில்லை.

அந்தச் சக்களத்தி எரிந்தபோது நான் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் என்னைக் கிண்டல் செய்தே கொன்றிருப்பீர்கள்.

போன வருடம் துக்க வருடம் என்பதால் வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை. படகும் கித்தானைப் போர்த்தியபடி ஆற்றங்கரையில் சும்மா கிடந்தது. இந்த வருடம் ஆயுத பூசைக்கு அப்பா படகுக்கும் பூசை போட்டே ஆகவேண்டும் என்று சரவணன் ஒற்றைக்காலில் நின்றான். முதல் நாளே போய் படகைக் கழுவி, பெட்ரோல் ஊற்றி, மழை வரும் என்று மறுபடியும் கித்தானை இழுத்துக் கட்டிவிட்டு வந்தான். மறுநாள் காலை வீட்டில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் முடித்துவிட்டு, பூ, எலுமிச்சம்பழம், பொரிகடலை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மருமகள் மலரும் பிள்ளைகளும் கூட வந்தார்கள்.

சந்தனம், குங்குமம் வைத்து, முன்பக்கம் மாலை போட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு தட்டில் சூடத்தை எடுத்துக்கொண்டு படகில் ஏறினான். காருக்குப் பானெட்டைத் திறந்து காட்டுவான் இல்லையா, அதே மாதிரி கித்தானைக் கொஞ்சம் விலக்கி, பின்னால் போய், எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து பற்றவைத்தான்.

“துப்” என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. நீல நிறத்தில் என்னவோ தரையோடு தரையாக ஓடியது. அடுத்த நொடி என் பிள்ளையைக் காணவில்லை, நெருப்புதான் தெரிந்தது. அவன் ஆற்றில் குதித்துவிட்டான் என்பது அவன் தலை தண்ணீருக்கு மேலே வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். அதற்குள் நான் உங்களிடம் என்னவெல்லாம் சொல்லிவிட்டேனோ! ஒருவரை எடுத்துக்கொண்டது போதாதா என்று மட்டும் கேட்டது நினைவிருக்கிறது. கேட்டது உங்களிடமா சாமியிடமா என்று தெரியவில்லை.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஓடிவந்து தீயணைப்பானை அடித்தார்கள், மணலை வாரிக் கொட்டினார்கள். அணைந்தது. எஞ்சின் மூடி உருகி வழிந்து, பின்பாதி முழுக்கக் கரி. முன்பக்கத்து மாலை மட்டும் வாடாமல் அப்படியே கிடந்தது. நான் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூடம் காட்டி யாராவது எரிவார்களா? கும்பிடப் போன கைக்கா இந்தக் கொப்புளம்?

அன்றிலிருந்து நான் நெருப்புப் பக்கமே போவதில்லை. கேஸ் அடுப்பை மலர்தான் பற்றவைக்கிறாள், நான் முற்றத்துக்குப் போய் நின்றுகொள்கிறேன். உங்கள் படத்துக்கு முன்னால் இப்போது எரிவது பிளக்கில் சொருகும் சிவப்பு விளக்கு. என்னைத் திட்டாதீர்கள்.

சரவணன் வேறு மாதிரி ஆகிவிட்டான். கைக்கட்டைப் பிரித்த கையோடு ஆற்றங்கரைக்குப் போய்விட்டான். ஏர்கான் வேலை முடிந்தால் படகு, லீவு நாள் என்றால் படகு. கரியைச் சுரண்டி, தேய்த்து, பைபர் துணியும் பசையும் வாங்கி ஒட்டி, வெள்ளைச் சாயம் அடித்தான். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. வீட்டில் பேச்சும் இல்லை. ஒரு நாள் மலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அத்த, தூங்கறப்பக்கூட கைய ஒதறிக்கிறாரு. நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க சொன்னாதான் கேப்பாரு,” என்றாள். அவளுக்குப் பயம். முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆற்று முகத்துவாரம்வரை போவேன் என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

போன வாரம் படகைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனான். சும்மா சொல்லக்கூடாது, புதுப் படகு மாதிரிதான் இருந்தது. நெருப்பு பட்ட இடம் எது என்று தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கு மூச்சே அப்போதுதான் ஒழுங்காக வந்தது. அப்பாடா, சக்களத்தி பிழைத்துவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் பாக் டின் வந்தார். படகு பழுது பார்க்கிற அதே பாக் டின்தான், உங்கள் தூண்டில் கூட்டாளி. உங்களுக்காக ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றுவிட்டு, படகை முன்பக்கத்திலிருந்து திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். முன்னால் டங் டங் என்று கெட்டியாகக் கேட்டது. பாதி தாண்டியதும் சத்தம் மாறியது. பின்னால் எஞ்சின் மாட்டும் பலகைக்கு வந்தபோது தொம் என்று ஒன்றுமில்லாத சத்தம். சரவணனிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டுவிட்டு, திருப்புளியின் நுனியை அழுத்தினார். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் போவது மாதிரி உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் கரித்தூள். அந்த வெள்ளைச் சாயத்துக்குப் பின்னால், பைபருக்குள் இருக்கிற மரம் அத்தனையும் வெந்து கிடக்கிறது. நெருப்பைப் பார்த்ததைவிட அந்தக் கரித்தூளைப் பார்த்ததுதான் என்னை ஆட்டிவிட்டது. நான் இப்போதுதானே பிழைத்துவிட்டாள் என்று சொல்ல இருந்தேன்?

பாக் டின் மலாயில் மெதுவாகத்தான் சொன்னார். பின்பக்கத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் கட்டலாம், தன்னால் முடியும். ஆனால் சூடு எதுவரை போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, நடுக்கடலில் எஞ்சின் வேகத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனால் யாரும் பொறுப்பில்லை. தன் பேரப்பிள்ளையை இதில் ஏற்றத் தனக்குத் துணிச்சல் இல்லை என்றார். ஒரு வருடம் சும்மா கிடந்ததில் பெட்ரோல் குழாய் விரிசல் விட்டுக் கசிந்திருக்கும் என்றும் சொன்னார். கசிந்தால் லோரியில் ஆவியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், படகில் அந்த ஆவி அடியிலேயே தேங்கி நிற்குமாம். கித்தான் வேறு மூடியிருந்தது.

கூடவே இன்னொன்றும் சொன்னார். அது தெரிந்துதான் உங்கள் வீட்டுக்காரர் வருடா வருடம் மணலில் நின்றே சூடம் காட்டினார் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதல் வருடம் நினைவிருக்கிறதா? படகில் ஏற மாட்டேன், தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று நான் மணலிலேயே நின்றுவிட்டேன். தட்டோடு ஒரு காலைப் படகில் வைத்த நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, “சாமிக்கு எங்கேருந்து காட்டினா என்னா, வா,” என்றீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து காட்டினோம். அதற்குப் பிறகு எல்லா வருடமும் அப்படித்தான். சக்களத்தியை விட்டு எனக்காக இறங்கி வந்த ஒரு நாள் என்று அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அது பெட்ரோலுக்காக என்றால் நான் என்ன செய்வது?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். உங்களை எனக்குத் தெரியாதா? லைப் ஜாக்கெட் போடு, வானத்தைப் பார், முடிச்சு இப்படிப் போடு என்று சரவணன் உயிரை வாங்குவீர்கள். வீட்டுக் கேஸ் குழாயை வாரத்துக்கு ஒரு தடவை முகர்ந்து பார்ப்பீர்கள். பெட்ரோல் ஆபத்து தெரிந்திருந்தால் இந்த ஒன்றை மட்டும் பிள்ளையிடம் சொல்லாமல் இருந்திருப்பீர்களா? நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். சொல்லவே இல்லை. அப்படியானால் உங்களுக்கும் தெரியாது. எனக்காகத்தான் இறங்கி வந்திருக்கிறீர்கள். என் பயம்தான் இத்தனை வருடமாக உங்களையும் உங்கள் படகையும் காப்பாற்றியிருக்கிறது. சரிதானே? சரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

நேற்று சரவணனோடு ஆற்றங்கரைக்குப் போனேன். அவன் பின்பக்கத்தை வெட்டி எடுக்கத் தயாராக நின்றான். வேண்டாம், வேறு படகு வாங்கலாம் என்றேன். சாயம் பட்ட கையைப் பார்த்துக்கொண்டே, “அப்பா படக நான்தாம்மா கொளுத்தினேன். இப்ப நானே தூக்கிப் போடணுமா?” என்றான். நான் அழுதால் அவன் கேட்கமாட்டான்.

“உங்கப்பா இத வாங்கினது உங்களையெல்லாம் ஏத்திட்டுப் போயி பத்திரமா கொண்டாந்து விடத்தான். இதால இனிமே முடியாதுய்யா. விட்ரு லா,” என்றேன். நீங்கள் கரையில் நின்று காட்டிய காரணத்தையும் சொன்னேன். உங்கப்பாவுக்கே தெரியாததற்கு நீ என்ன செய்வாய் என்றேன். அவன் படகின் ஓரத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். தீப்பிடித்த நாளிலிருந்து அவன் அழுதது அதுதான் முதல் தடவை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போய் ஒரு ஆசனத்தைக் கழற்ற ஆரம்பித்தான்.

அது எந்த ஆசனம் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால், வெயில் படாத இடத்தில், முதுகுக்குச் சாய்மானமும் மெத்தையும் வைத்து நீங்களே செய்தது. அம்மா என்றைக்காவது ஏறினால் என்று சொல்லி, வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டீர்களாம். அவன் நேற்றுதான் எனக்கு இதைச் சொல்கிறான். மெத்தை இன்னும் அமுங்கவே இல்லைங்க.

பழைய படகை பாக் டின் அறுத்து எடுத்துக்கொள்வார். புதிதாக வருவதில் முதலில் மாட்டப் போவது அந்த ஆசனத்தைத்தான். அடுத்த ஆயுத பூசைக்குச் சூடத்தை நானே பற்றவைக்கிறேன், மணலில் நின்று, உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. அது அணைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். அணைந்தபிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி, என் இடத்தில் உட்காருகிறேன். இப்போதும் தண்ணீரைப் பார்த்தால் பயம்தான். ஆனாலும் ஏறுவேன்.

உங்கள் சக்களத்தியை வழியனுப்பி வைத்த,
உங்கள் வீட்டுக்காரி
கமலம்