ஆறடியா, எட்டடியா

அப்பா,

காபி பிளாஸ்கில். ரொட்டி கருகிவிட்டது, கருகாத பக்கத்தை மேலே வைத்திருக்கிறேன். படகு விற்பவர் பத்து மணிக்கு வருகிறார்.

நேற்றுக் கதவை அறைந்து சாத்தியது நானில்லை, காற்று. ஆனால் காற்றின் பக்கம் நியாயம் இருக்கிறது. "நீ ஹாஸ்டலுக்குப் போயிட்டா எங்க ரெண்டு பேருக்கு எதுக்குடா எட்டடி? கரையிலேர்ந்து பாய்மரப் படகுக்குப் போய்வர ஆறடித் துடுப்புப் படகு போதும்" என்றீர்கள். போதாது. ஆறடியில் மூன்றாவது ஆள் ஏறினால் தண்ணீரும் கூடவே ஏறும்.

பழைய படகை வாங்கும் முன் ஹால் தரையில் சாக்பீஸால் எட்டடிக்கு வரைந்து எங்களை உட்காரவைத்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? அம்மா மளிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "தரையிலயே தலை சுத்துதுங்க" என்றாள். நான் பின்பலகையில் உட்கார்ந்து டம்ளரால் தண்ணீர் இறைத்தேன். தண்ணீரே இல்லையென்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

இன்று அதே இடத்தில் எட்டடிக்கு வரைந்திருக்கிறேன். துடைக்காதீர்கள். அம்மாவோடு அதில் உட்கார்ந்துகொண்டே படகு விற்பவரிடம் பேசுங்கள்.

பி.கு.: ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டேன். வாசல் சாவி மீட்டர் பெட்டி மேல்.

இன்னொன்று: சாக்பீஸ் படகின் பின்பலகையில் இருக்கும் செருப்பை நான் மறந்து விட்டுப்போகவில்லை. லீவுக்கு வருவேன், இடம் பிடித்திருக்கிறேன்.