அடுத்த புயலுக்குத்தான்

ஆரணி,
15.6.2025

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குழந்தை எழிலும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் உடனே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

அண்ணன் கடையில் எனக்கு வேலை. பட்டுப்புடவைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவேன், பார்சல் கட்டுவேன். அண்ணி தேவகி நல்லவள்தான். ஆனாலும் சோறு போடும்போது ஒரு பார்வை பார்க்கிறாள்.

புயல் நம் படகைக் கொண்டுபோய் ஆறு மாதம் ஆகிறது. அரசாங்க நிவாரணம் இன்னும் வரவில்லை. நேற்றுகூட அண்ணன் கேட்டார்: "மாப்ள எதுக்கு இன்னும் கடலையே பாத்துகினு உக்காந்துகீறாரு? நம்ம கடை வண்டிய ஓட்டட்டும். ஜல்தியா வரச் சொல்லு."

வாருங்கள். வர முடியாது என்றால் காரணத்தையாவது எழுதுங்கள்.

உங்கள்,
ஹேமலதா

*

பழவேற்காடு,
2.7.2025

அன்பு ஹேமா,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ சொன்னது சரிதான், குறுக்கே பேச முடியவில்லை.

நிவாரணத்துக்கு உடைந்த படகின் புகைப்படம் வேண்டும் என்கிறார்கள். கடலோடு போன படகை நான் எங்கே போய்ப் படம் பிடிப்பது? கணக்கெடுத்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறார்.

ஆனால் ஒரு நல்ல சேதி. மீனவர்களுக்குப் புயல் நிவாரணத்தைத் தாமதமில்லாமல் தர ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். புயல் ஓய்ந்த ஒரு மாதத்துக்குள் முதல் தவணையைக் கொடுத்துவிட வேண்டும், மீதி விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று எழுதியிருக்கிறார்களாம். சென்னையில் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கிறது. சங்கத்தின் சார்பில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். அது முடியட்டும். ஆடி வெள்ளிக்குக் கட்டாயம் வருகிறேன். மூன்று பேரும் படவேடு அம்மன் கோயிலுக்குப் போவோம்.

உன்,
பார்த்திபன்

*

ஆரணி,
17.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

ஆடி வெள்ளி போய்விட்டது. எழில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். படவேட்டுக்குப் போகும் பஸ்ஸே குறைவு. உங்களுக்காக ஒன்றை விட்டோம், அடுத்ததையும் விட்டோம். பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று நீங்கள் செய்தி அனுப்பியபோது அவள் தூங்கிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். "எங்கப்பா சட்டம் போட்டுகினு இருக்காரு மிஸ்" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். என்னிடம் வந்து, "ஏம்மா சிரிச்சாங்க?" என்று கேட்கிறாள்.

எனக்கு அலுத்துவிட்டது. சட்டம் போட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவளுக்கு அப்பா நீங்கள் ஒருவர்தான்.

ஹேமலதா

*

பழவேற்காடு,
21.9.2025

ஹேமா,

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காத்தவராயன் போய்விட்டான்.

அவனும் நிவாரணத்துக்காகக் காத்திருந்தவன்தானே. பொறுக்க முடியாமல், கரையில் பிளந்து கிடந்த பழைய பைபர் படகுக்கு ஒட்டுப் போட்டான். "வேணாம்டா" என்று கையைப் பிடித்தேன். "ஊட்ல அடுப்பு எரியல மச்சான். கவர்மெண்டு வர்ற வரிக்கும் பசி நிக்குமா?" என்று கேட்டான். பிடித்த கையை விட்டுவிட்டேன். படகு திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் மட்டும் கரை ஒதுங்கியது.

முந்தாநாள் அந்தக் கூட்டம் நடந்தது. அவன் பெண்டாட்டி முனியம்மாவைத்தான் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் நான் பேசினேன். புயல் எச்சரிக்கை கொடுத்தும் படகை ஏன் கரையேற்றவில்லை என்று ஒருவர் கேட்டார். ஏற்றித்தான் வைத்திருந்தோம், கடல் ஊருக்குள் வந்து எடுத்துக்கொண்டு போனது என்றேன். "புயல்ல எங்க குப்பத்துல ஒரு உயிர் போகலீங்க. அதுக்கப்புறம் காத்துகினு இருந்ததுலதான் போச்சு" என்றேன்.

நீ காரணம் கேட்டாய். இதுதான். முனியம்மாவை இப்படியே விட்டுவிட்டு வந்து, ஆரணியில் எப்படி வண்டி ஓட்டுவேன்?

பார்த்திபன்

*

ஆரணி,
5.10.2025

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்று கடைக்குப் போகவில்லை. எழில் பிறந்தபோது எனக்குப் பத்தியச் சாப்பாடு வைத்துக் கொடுத்தவள் முனியம்மா. எனக்கு ஏன் அன்றே சொல்லவில்லை? நான் வந்திருப்பேனே.

அண்ணன் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். இங்கேயே கொசப்பாளையத்தில் சின்னதாக ஒரு வீடு. மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். இதற்குமேல் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஹேமா

*

பழவேற்காடு,
8.2.2026

அன்பு ஹேமா,

சட்டம் நிறைவேறிவிட்டது. சங்கத்துக் கொட்டகையில் டிவி முன்னால் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். அறிவித்ததும் பையன்கள் வெடி கொளுத்தினார்கள்.

பிறகு வக்கீல் வந்து விவரம் சொன்னார். அமலுக்கு வந்த பிறகு அடிக்கும் புயல்களுக்குத்தான் இந்தச் சட்டம். அடித்து முடித்த புயலுக்குச் செல்லாது. நம் படகும் காத்தவராயன் படகும் பழைய வரிசையிலேயேதான் நிற்கின்றன.

எல்லோரும் கலைந்து போனார்கள். முனியம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து, "அடுத்த வாட்டி எவளும் என்னை மாதிரி நிக்கமாட்டா இல்ல, அது போதும்ணா" என்றாள். எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. உடம்பெல்லாம் ஒரே அசதி.

இப்போது வேறொருவர் படகில் கூலி ஆளாகப் போகிறேன். வண்டி ஓட்ட என்னால் ஆகாது ஹேமா. இதை முன்பே உன்னிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

பார்த்திபன்

*

ஆரணி,
12.4.2026

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கோபத்தினால் அல்ல. என்ன எழுதுவது என்று தெரிய வேண்டியிருந்தது.

சட்டம் வந்த செய்தியைக் கடைக்கு வந்த பேப்பரில் பார்த்தேன். "இதுக்கு எங்க ஊட்டுக்காரர்தான் போய்ப் பேசினாரு" என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் பேப்பரை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுதும் படித்தார். அதன்பிறகு வண்டிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

உங்களால் கடலை விட முடியாது. காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் வாசலில் போய் நிற்கும் வாழ்க்கைக்கு என்னாலும் திரும்ப முடியாது. இங்கே காற்றடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறேன். இதில் உங்கள் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. எப்போது வருகிறீர்கள் என்று இனி கேட்க மாட்டேன். நீங்களும் வருகிறேன் என்று எழுத வேண்டாம்.

எழிலுக்குப் பரீட்சை முடிகிறது. லீவு முழுக்க அவள் உங்களோடு இருக்கட்டும். நானே கொண்டுவந்து விடுகிறேன். முனியம்மாவையும் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு இரவில் இருமல் வரும், வெந்நீர் கொடுங்கள். படகில் மட்டும் ஏற்றாதீர்கள். கரையில் நின்று, அப்பா திரும்பி வருவதை அவள் பார்க்கட்டும்.

ஹேமலதா